தெரியாமலா வராமல் இருக்கிறார்கள்?

மருத்துவ முகாம் ஒன்று முடிந்த பிறகு நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். எதிர்பார்த்ததில் பாதிப் பேர்கூட வரவில்லை என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஏன் என்ற கேள்வி வரும், கேள்வி முடிவதற்குள் பதிலும் வந்துவிடும்: "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை." எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த முறை நோட்டீஸ் கூடுதலாக அடிக்கலாம், ஒலிபெருக்கி வைக்கலாம், ஒரு பேரணி நடத்தலாம் என்று முடிவாகிக் கூட்டம் கலையும். இந்தப் பதிலில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அறைக்குள் இருக்கும் யார் மீதும் பழி விழாது. பழி விழுவது வராதவர்கள் மீது மட்டும்தான், அவர்களோ அந்த அறையிலேயே இல்லை.

சரி, வராத ஒருவரைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். நான்கு வீடுகளில் வேலை செய்யும் ஒரு பெண். வேலைக்குப் போன நாளுக்குத்தான் கூலி. மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. அது என்னவாக இருக்கலாம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும், அடுத்த தெருவில் ஒருவர் அதே நோயில் இறந்ததைப் பார்த்தவர். புறநோயாளிப் பிரிவு காலையில் மட்டும் இயங்குகிறது, அவருடைய வேலை நேரமும் காலைதான். முதல் நாள் சீட்டு வாங்கி வரிசையில் நின்று மருத்துவரைப் பார்த்தால் ஸ்கேன் எழுதித் தருவார், ஸ்கேன் வேறொரு நாள், அதன் முடிவை வாங்க இன்னொரு நாள், வாங்கியதைக் காட்ட மறுபடி ஒரு நாள், அப்புறம் ஊசி வழியாகத் திசு எடுக்க ஒரு நாள், அந்த முடிவுக்கு ஒரு வாரக் காத்திருப்பு. நோயின் பெயர் தெரிவதற்கே ஐந்தாறு நாள் கூலி போய்விடுகிறது, அதற்குள் இரண்டு வீடுகளில் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். இத்தனைக்கும் மருத்துவம் இலவசம் என்றே வைத்துக்கொள்வோம். அவர் "அடுத்த மாதம் பார்த்துக்கலாம்" என்கிறார், அடுத்த மாதமும் அதையே சொல்கிறார். இவர் கையில் மார்பகப் புற்றுநோய் நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்தால், அதில் அவருக்குத் தெரியாத வரி என்று எதுவும் இருக்கப்போவதில்லை.

தகவலே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. தகவல் உயிர் காக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தகவலை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை அவரவர் பொறுப்பில் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பல ஆண்டு அனுபவம் உலகத்துக்கு இருக்கிறது. சிகரெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். புகைபிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை 1964ல் அறிவித்தபோது, அந்நாட்டில் பெரியவர்களில் சுமார் 42 சதவீதம் பேர் புகைத்தார்கள். பணக்காரர், ஏழை, படித்தவர், படிக்காதவர் என்று பெரிய வித்தியாசம் அப்போது கிடையாது. அறிக்கைக்குப் பிறகு அந்தப் பழக்கம் சரியத் தொடங்கியது, உண்மையிலேயே பெரிய வெற்றி அது. ஆனால் எல்லோரிடமும் ஒரே வேகத்தில் சரியவில்லை. படித்தவர்கள் முதலில் விட்டார்கள், வசதியானவர்கள் அடுத்து விட்டார்கள், கடைசியில் அந்தப் பழக்கம் குறைந்த வருமானமும் குறைந்த படிப்பும் உள்ளவர்களிடம் போய்த் தங்கிவிட்டது. உயர்கல்வி பெற்றவர்களைவிடப் பள்ளிப் படிப்போடு நின்றவர்களிடம் இன்று அது பல மடங்கு அதிகம். எச்சரிக்கை எல்லோருக்கும் ஒரே எச்சரிக்கைதான். அதைக் கேட்டுப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளத் தேவையான நேரம், நிம்மதி, உதவிக்கு ஒரு மருத்துவர், சுற்றிலும் புகைக்காத நண்பர்கள், இதெல்லாம் எல்லோரிடமும் ஒரே அளவில் இருக்கவில்லை.

புரூஸ் லிங்க், ஜோ ஃபெலன் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1995ல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். நோய்கள் மாறும், மருந்துகள் மாறும், ஆனால் பணம், அறிவு, அதிகாரம், கௌரவம், தொடர்புகள் ஆகியவை யாரிடம் இருக்கின்றனவோ அவர்கள் எந்தக் காலத்திலும் புதிய நோய்க்கான புதிய தீர்வை முதலில் எட்டிப் பிடித்துவிடுவார்கள் என்பது அதன் சாரம். ஐந்து ஆண்டு கழித்து, பிரேசிலின் செயாரா மாநிலத்துக் குழந்தைகள் நலத் தரவுகளை வைத்து அந்நாட்டுப் பொதுச் சுகாதார ஆய்வாளர் செசார் விக்டோராவும் உடன் பணியாற்றியவர்களும் இதன் இன்னொரு முகத்தைக் காட்டினார்கள். நல்ல நோக்கத்தோடு ஒரு புதிய சுகாதாரத் திட்டம் வந்தால் முதலில் அது போய்ச் சேர்வது ஏற்கெனவே நன்றாக இருப்பவர்களிடம். அதனால் ஆரம்பத்தில் இடைவெளி கூடும். மேலே இருப்பவர்கள் இதற்குமேல் முன்னேற முடியாத நிலைக்கு வந்த பிறகுதான் கீழே இருப்பவர்கள் நெருங்க முடியும், அதற்குள் அடுத்த புதிய திட்டம் வந்துவிட்டால் ஓட்டம் மறுபடி முதலிலிருந்து. சராசரி எண்ணிக்கையை மட்டும் பார்த்து "திட்டம் வெற்றி" என்று அறிவிக்கும் அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். சராசரி உயர்ந்திருக்கும், உயர்த்தியது யார் என்று பார்த்தால் கதை வேறாக இருக்கும்.

சுகாதாரச் சமத்துவம் என்ற சொல்லையும் இங்கேயே கொஞ்சம் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஒரே நோட்டீஸ், ஒரே முகாம், ஒரே நேரம் என்று கொடுப்பது சமமாக நடத்துவது. ஒரே பலன் கிடைக்கும்படி, சிலருக்குக் கூடுதலாகவும் வேறு விதமாகவும் கொடுப்பது சமத்துவம். வயதானவருக்கு இளைஞரைவிட மூட்டுவலி அதிகம் இருந்தால் அதை யாரும் அநியாயம் என்று சொல்ல மாட்டார்கள். தேவையே இல்லாத, தவிர்க்கக்கூடிய, நியாயமற்ற வேறுபாடுகள்தான் பிரச்சினை என்று பிரிட்டிஷ் சுகாதார ஆய்வாளர் மார்கரெட் வைட்ஹெட் 1990களின் தொடக்கத்தில் கோடு போட்டுக் காட்டினார், இன்றும் அந்தக் கோடுதான் பயன்படுகிறது.

விளிம்புநிலை மக்கள் என்றதும் நம் மனதில் ஒரு படம் வரும்: எங்கோ தொலைவில், எதுவுமே இல்லாதவர்கள், மற்ற எல்லோரும் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். லண்டனில் 1967ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு இந்தப் படத்தைக் கலைத்துப்போட்டது. அதில் இருந்த சுமார் 18,000 ஆண்களும் அரசு ஊழியர்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, மாதச் சம்பளம், இலவச மருத்துவம். பட்டினி கிடையாது, குடிசை கிடையாது. அப்படியும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளைவிடச் சுமார் மூன்று மடங்காக இருந்தது. அதைவிட முக்கியம், நடுவில் இருந்தவர்களும் படிப்படியாகவே அமைந்திருந்தார்கள், ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆபத்து ஒரு படி ஏறியது. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. உயர் அதிகாரிக்குக் கீழே இருந்த அத்தனை பேருக்கும் விழிப்புணர்வு ஒவ்வொரு படி குறைவு என்று இதற்கு விளக்கம் சொல்ல முடியுமா?

மருத்துவமே எங்கே போய்ச் சேர்கிறது என்பது அடுத்த விஷயம். வேல்ஸ் நாட்டில் கிளின்கோர்க் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் மருத்துவராக இருந்தவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்று 1971ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார், சந்தையின் கையில் மருத்துவம் எவ்வளவுக்கு விடப்படுகிறதோ அவ்வளவுக்கு இது மோசமாகும் என்றும் சேர்த்துச் சொன்னார். தலைகீழ்ப் பராமரிப்பு விதி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. நோய் அதிகமுள்ள இடத்தில் மருத்துவருக்குக் கூட்டம் அதிகம், ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நிமிடம் குறைவு, கருவிகள் பழையவை, நல்ல மருத்துவர் அங்கே தங்குவதுமில்லை. எழுதியதோடு அவர் நிற்கவில்லை. தன் கிராமத்தில் இருந்த பெரியவர்கள் ஒருவர் விடாமல் ரத்த அழுத்தம் பார்ப்பது என்று இறங்கினார். வந்தவர்களுக்குப் பார்த்தது சுலபம். வராதவர்களைத் தேடிப் பிடித்ததுதான் வேலை, அதற்கு வருடக்கணக்கில் ஆனது. சுமார் 25 ஆண்டுகள் இப்படிப் பின்தொடர்ந்ததில், அருகிலிருந்த அதேபோன்ற கிராமத்தோடு ஒப்பிட்டால் அங்கே இளவயது இறப்புகள் குறைவாக இருந்தன. அந்தக் கிராமத்துக்கென்று தனி மருந்து எதுவும் வந்துவிடவில்லை.

நம்பிக்கை பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. "தடுப்பூசியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், மூடநம்பிக்கை" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பயத்துக்குப் பின்னால் சில இடங்களில் வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரை மையமாக வைத்து அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை 1932ல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. சுமார் 600 கறுப்பின ஆண்கள், அவர்களில் 399 பேருக்கு மேகநோய் எனப்படும் சிபிலிஸ். "கெட்ட ரத்தம்" இருக்கிறது, சிகிச்சை தருகிறோம் என்று சொல்லிவிட்டு, சிகிச்சை தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்தார்கள். பெனிசிலின் அந்த நோயைக் குணப்படுத்தும் என்று 1940களில் உறுதியான பிறகும் கொடுக்கவில்லை. 1972ல் பத்திரிகையில் வெளிவந்த பிறகுதான் நின்றது, அதாவது நாற்பது ஆண்டுகள். அரசு மன்னிப்புக் கேட்டது 1997ல். அந்தச் சமூகத்தில் ஒரு பாட்டி பேரனிடம் "அரசாங்க ஊசி வேண்டாம்" என்று சொன்னால், அவருக்கு விழிப்புணர்வு குறைவு என்பதா, கூடுதல் என்பதா?

டஸ்கீகியோடு முடிந்த கதையும் இல்லை இது. 2003ல் நைஜீரியாவின் வடபகுதியில், குறிப்பாகக் கானோ மாநிலத்தில், போலியோ சொட்டு மருந்தைப் புறக்கணித்தார்கள், அந்த வைரஸ் அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியது. மதத் தலைவர்களின் பேச்சு, அரசியல் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதே கானோவில் 1996ல் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஒரு பன்னாட்டு மருந்து நிறுவனம் குழந்தைகளிடம் புது மருந்தைச் சோதித்ததும், பெற்றோருக்கு அது சோதனை என்றே சரியாகச் சொல்லப்படவில்லை என்ற புகார் நீதிமன்றம்வரை போனதும் மக்கள் நினைவில் இருந்தன. 2011ல் அமெரிக்க உளவுத் துறை பாகிஸ்தானின் அபோதாபாதில் ஒசாமா பின் லேடனைத் தேடுவதற்குத் தடுப்பூசி முகாம் ஒன்றை மறைப்பாகப் பயன்படுத்தியது. அது வெளியே தெரிந்த பிறகு, வீடுவீடாகப் போய்ச் சொட்டு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த, இதற்கெல்லாம் சம்பந்தமே இல்லாத களப்பணியாளர்கள் மீது சந்தேகம் விழுந்தது, தாக்குதல்களும் நடந்தன. இனி அப்படிச் செய்ய மாட்டோம் என்று அமெரிக்கா சொன்னது 2014ல். களப்பணியாளர் கதவைத் தட்டும்போது அவருக்குப் பின்னால் இந்தப் பழைய கணக்குகளும் சேர்ந்தே நிற்கின்றன.

சில நேரம் விழிப்புணர்வுச் செய்தியே ஆளைக் கொன்றுவிடும். மேற்கு ஆப்பிரிக்காவில் 2014ல் எபோலா பரவத் தொடங்கியபோது கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் ஆரம்பத்தில் போன செய்தி என்ன தெரியுமா? எபோலா கொல்லும், அதற்கு மருந்து கிடையாது. ஆபத்தை உணர்த்த வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். கேட்டவர்கள் தர்க்கப்படிதான் யோசித்தார்கள்: மருந்தே கிடையாது என்றால் எதற்காக முகாமுக்குப் போய்த் தனியாகச் சாக வேண்டும், வீட்டிலேயே இருக்கலாமே. விளைவாக நோயாளிகளை மறைத்தார்கள், வீட்டில் பராமரித்தவர்களுக்கும் தொற்றியது. இறந்தவர் உடலைத் தொடாதே என்ற கட்டளையும் அப்படித்தான். பாதுகாப்பு உடையில் வந்தவர்கள் உடலைப் பையில் கட்டித் தூக்கிக்கொண்டு போக, எங்கே புதைத்தார்கள் என்றுகூடக் குடும்பத்துக்குத் தெரியாமல் போனது. அதனால் உடலை ஒளித்து இரவில் புதைத்தார்கள். மானுடவியலாளர்களும் உள்ளூர்ப் பெரியவர்களும் மதத் தலைவர்களும் பேச்சுக்குள் வந்த பிறகு, 2014 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் நெறிமுறையை மாற்றியது. குடும்பத்தார் தள்ளி நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம், உடலோடு வைக்க வேண்டியதை வைக்கச் சொல்லலாம், கல்லறையில் பெயர் இருக்கும். கிருமி அதே கிருமிதான், மக்களும் அதே மக்கள்தான், ஆனால் ஒத்துழைப்பு கூடியது. அந்தக் கொள்ளைநோய் முடிவதற்குள் 11,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள்.

கருவிகளுக்கும் மொழிக்கும்கூட இதில் பங்கு உண்டு. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. ஒளியைத் தோல் வழியாகச் செலுத்தித்தான் அது அளக்கிறது, கருமையான தோலில் அளவைக் கூட்டிக் காட்டக்கூடியது. ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்தும் கருவி "சரியாக இருக்கிறது" என்று காட்டிய நிகழ்வு, வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020ல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. மொழிக்கு ஒரு சின்ன உதாரணம்: நாளுக்கு ஒருமுறை என்பதற்கு ஆங்கிலத்தில் எழுதும் 'ஒன்ஸ்' என்ற சொல்லின் அதே எழுத்துகள் ஸ்பானிய மொழியில் பதினொன்று என்று பொருள்படும். மாத்திரைப் புட்டியை வைத்துக்கொண்டு நிற்கும், ஸ்பானிய மொழி மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள்.

அப்படியென்றால் எதுதான் பலன் தருகிறது? மக்கள் எதையும் தெரிந்துகொள்ளவோ, நேரம் ஒதுக்கவோ, வரிசையில் நிற்கவோ தேவையில்லாத ஏற்பாடுகள்தான் பெரும்பாலும் இடைவெளியைக் குறைக்கின்றன. சுவிட்சர்லாந்தில் 1922ல் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கினார்கள், தலைமுறைகளாக மலைக் கிராமங்களில் இருந்த கழுத்துக்கழலை மறையத் தொடங்கியது. அயோடின் என்றால் என்ன என்று அங்கே ஒவ்வொருவருக்கும் வகுப்பு எடுத்திருந்தால் எத்தனை காலம் ஆகியிருக்கும்! பெட்ரோலில் கலந்த ஈயமும் அதே மாதிரி. சாலையோரம் குடியிருந்த குழந்தைகளின் மூளையைத்தான் அது அதிகம் பாதித்தது, சாலையோரம் குடியிருப்பவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலைச் சாத்துங்கள் என்று அவர்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக ஈயத்தையே எடுத்தார்கள், நாடு நாடாக, கடைசியாக 2021ல் அல்ஜீரியாவில்.

எல்லாவற்றையும் உப்பில் கலந்துவிட முடியாது என்பதும் உண்மை. சில விஷயங்களுக்கு மனிதர்கள் வந்துதான் ஆக வேண்டும். அப்போது அவர்களிடம் கேட்கும் விலையைக் குறைக்கலாம். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பல பெண்கள் வராததற்குக் காரணம் கூச்சம், பழைய அவமானம், முன்பு பாலியல் வன்முறைக்கு ஆளான அனுபவம், ஆண் மருத்துவர் என்று எத்தனையோ. அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி கிருமிக்கான மாதிரியை ஒரு குச்சியால் பெண்ணே தனிமையில் எடுத்துக் கொடுக்கலாம், மருத்துவர் எடுப்பதற்கு ஏறக்குறைய இணையான பலன் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு, ஆஸ்திரேலியா 2022 ஜூலையில் பரிசோதனைக்குரிய பெண்கள் எல்லோருக்கும் அந்த வழியைத் திறந்துவிட்டது. நோட்டீஸை மாற்றவில்லை, குச்சி யார் கையில் இருக்கிறது என்பதை மாற்றினார்கள்.

கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற இடமும் உண்டு, அதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் வங்கதேசம். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் கொத்துக்கொத்தாக இறந்துகொண்டிருந்த நாட்டில், பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்து ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் பணியாளர்களை அனுப்பி, உப்பு வெல்லக் கரைசல் தயாரிக்கத் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. மூன்று விரல் நுனியால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர், அதாவது சுமார் அரை லிட்டர் தண்ணீர். படிக்கத் தெரிய வேண்டாம், அளவுக்கரண்டி வேண்டாம், கைதான் அளவு. வாயால் சொல்லி, கையால் செய்து காட்டி, அந்தத் தாயையே செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் கற்றுக்கொண்டவர்களில் மிகச் சிலரே அதைப் பயன்படுத்தினார்கள். இங்கேதான் வழக்கமான கூட்டமாக இருந்தால் "விழிப்புணர்வு இல்லை" என்று எழுதி முடித்திருப்பார்கள். அவர்கள் போய் விசாரித்தார்கள். சொல்லிக்கொடுத்த பணியாளர்களே தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அந்தக் கரைசலைக் குடிப்பதில்லை, அவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. அவர்களை டாக்காவில் இருந்த காலரா ஆய்வு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் அது எப்படிப் பலன் தருகிறது என்று காட்டினார்கள். வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவில்லை, அவர்கள் முட்டுக்கட்டை போடுகிறார்கள் என்றும் தெரிந்தது. சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களிடம் பேச ஆட்கள் போனார்கள்.

பணியாளர்களின் சம்பளத்தையும் தாய்மார்கள் கற்றுக்கொண்டதற்கேற்ப வைத்திருந்தார்கள். சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய், சொல்லிக்கொடுத்த வீடுகளில் சிலவற்றைப் பொறுக்கி எடுத்து, அந்தத் தாயிடம் கேள்வி கேட்பார், கரைசலைச் செய்யச் சொல்வார், அதில் ஒரு மாதிரி ஆய்வகத்துக்குப் போகும். உப்பு சரியாக இருந்து, சொன்னதெல்லாம் நினைவிலும் இருந்தால் அந்த வீட்டுக்காகப் பணியாளருக்கு முழுத் தொகை. அந்தத் தாய் மறந்திருந்தாலோ உப்பு கூடியிருந்தாலோ சொல்லிக்கொடுத்தவருக்குத்தான் பணம் குறையும்.